நெய்யில் இரண்டு சோற்றுப் பருக்கை

1. கிண்ணம்

பதினொன்றே முக்காலுக்கு நெய்க் கிண்ணத்தைக் கழுவ எடுத்தேன். உள்ளே இரண்டு சோற்றுப் பருக்கை கிடந்தது.

அன்றைக்கு நெய் சேர்த்துச் செய்தது ரவா லட்டு மட்டும்தான். லட்டில் சோறு ஏது? ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டேன். வினிகர் புளிப்பு நாக்கில் பட்டது. அது ஜப்பான்காரர்கள் சாப்பிடும் சுஷிக்கான சோறு. அந்தச் சுஷி அரை மணி நேரத்துக்கு முன்பே கம்பெனி வண்டியில் போய்விட்டது. சாப்பிடப் போகிறவருக்குப் பால், தயிர், நெய் எதுவும் ஆகாது. வயிறு உப்பும் என்கிற ஆகாது இல்லை. தொண்டை வீங்கி மூச்சு அடைத்துப்போகும் என்கிற ஆகாது.

வீட்டிலிருந்தே ஆர்டருக்குச் சமைத்துக் கொடுக்க வந்திருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் எஸ்தர், ஊர் ஆரம்பாக்கம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பேக்டரி கேன்டீனில் இருபத்திரண்டு வருஷம் சமைத்தேன். ரிடையர் ஆன பிறகும் அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டு கெஸ்ட் வந்தால் வீட்டிலிருந்து சமைத்து அனுப்புகிறேன்.

2. ஒட்டினால்தான் நல்ல சோறு

இது தொடங்கியது அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னால். அந்தக் கம்பெனி எச்.ஆர். தினேஷ் சார் போன் செய்தார். என் மகன் வயதுதான் அவருக்கு.

"எஸ்தரம்மா, ஜப்பான்லேர்ந்து மொரிதா சார்னு ஒர்த்தரு வராரு. புது மெஷின் செட் பண்ண மூணு வாரம் இருப்பாரு. வீகன் சுஷி ரோல் செஞ்சி குடுப்பீங்களா?"

"வீகன்னா இன்னா சார், சைவம்தானே?"

"சைவத்துக்கும் மேலம்மா. பாலு, தயிரு, நெய்யி ஒண்ணுமே படக் கூடாது. அவருக்கு பால் அலர்ஜி. போன வாட்டி வேற ஊர்ல ஒரு ஸ்பூன் கிரேவி சாப்ட்டு ஐசியூ வரைக்கும் போய் வந்துக்கீறாரு. வெளிக் கடையில வாங்க எனக்கே பயமா கீது. நீங்கன்னா நம்பலாம்."

'நீங்கன்னா நம்பலாம்' என்றதும் தலை கொஞ்சம் கனத்துப்போனது, மறைப்பானேன். சுஷியைக் கண்ணால்கூடப் பார்க்காதவள், "அதுக்கென்ன சார், செஞ்சிட்டாப் போச்சு" என்றேன்.

முதல் முறை பொன்னி அரிசியை வழக்கம்போலக் கஞ்சி வடித்துச் சமைத்தேன். ரோலை வெட்டியதும் உள்ளே இருந்த வெள்ளரிக்காய் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம் என்று உதிர்ந்தது. கேன்டீனில் சோறு ஒட்டினால் தட்டோடு திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவார்கள். இங்கே ஒட்டாவிட்டால் பிழைப்பே இல்லை. பிறகு தினேஷ் சார் குட்டையான ஜப்பான் அரிசியும், நோரி என்கிற கடற்பாசித் தாளும், சுருட்ட ஒரு மூங்கில் பாயும் வாங்கிக் கொடுத்தார். அரிசியை ஏழெட்டுத் தண்ணீர் கழுவி, அளவுத் தண்ணீரில் வேகவைத்து, சுடச்சுட வினிகர், சர்க்கரை, உப்பு கலந்து விசிறியால் ஆற்ற வேண்டும். நோரியில் சோற்றை மெல்லிசாகப் பரப்பி, வெள்ளரி, கேரட், அவகாடோ, சோயா சாஸில் வறுத்த டோஃபு என்கிற சோயாக் கட்டி வைத்து, பாயோடு சேர்த்து அழுத்திச் சுருட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத் துணியில் துடைக்க வேண்டும். கை ஒட்டாமலிருக்க வினிகர் கலந்த தண்ணீரில் விரலை நனைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி வேலையில்தான் நான் தப்பு செய்தேன்.

3. இடது கை

மூன்றாவது வாரம், மொரிதா சாருக்குக் கடைசி நாள். மற்ற ஸ்டாஃபுக்கு ரவா லட்டும் கேட்டிருந்தார்கள். லட்டை முதலில் பிடித்தேன். புத்தியிருந்தால் சுஷியை முதலில் முடித்து, மூடி அனுப்பிவிட்டு நெய்யைத் திறந்திருக்க வேண்டும். லட்டு முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன், மேடையைத் துடைத்தேன். கிண்ணத்தை மட்டும் எடுத்து வைக்கவில்லை.

லட்டோ கொழுக்கட்டையோ அதிரசமோ, எதைப் பிடித்தாலும் நெய்க் கிண்ணம் என் இடது பக்கம் இருக்கும். விரலில் மாவு ஒட்டியதும் கை தானாக அங்கே போகும், என்னைக் கேட்காது. நம் ஊரில் சமைக்கிற எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அன்றைக்கு ஆறு ரோலில் நாலு சுருட்டியிருப்பேன், வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். வினிகர் தண்ணீர் தீர்ந்திருந்தது. அவசர அவசரமாக மீதியை முடித்து, நாற்பத்தெட்டுத் துண்டையும் கலந்து பாக்ஸில் அடுக்கிக் கொடுத்தேன். நெய்யில் கை வைத்தது எனக்கு ஞாபகமே இல்லை. இன்றைக்கும் யோசித்தால் அதுதான் என்னை நடுங்க வைக்கிறது.

4. ரோடு

தினேஷ் சாருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. பிளான்ட் உள்ளே யாரும் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். கம்பெனியின் பொது நம்பரில் காத்திருக்கச் சொல்லும் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. டிரைவர் நம்பர் என்னிடம் இல்லை. லஞ்ச் பன்னிரண்டரைக்கு. மொபெட்டை எடுத்துவிட்டேன்.

எளாவூர் செக்போஸ்ட் பக்கம் ஆந்திரா லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்த ரோட்டில் இருபத்திரண்டு வருஷம் ஷிப்ட்டுக்குப் போய்வந்தவள்தான். அன்றைக்கு லாரிகளுக்கு நடுவே புகுந்து ஓட்டினேன். முகம் சரியாகத் தெரியாத ஒரு மனிதர் என் கண் முன்னால் மூச்சுக்குத் தவித்துக்கொண்டே வந்தார். "இயேசுவே, அவர் இன்னும் பாக்ஸைத் திறக்கக் கூடாது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பக்கத்தில் பைக்கில் போனவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

5. கேட்

கேட்டில் கடிகாரம் பன்னிரண்டு பதினெட்டு. செக்யூரிட்டி முனுசாமி அண்ணன் நின்றிருந்தார். கேன்டீன் நாளிலிருந்து தெரிந்தவர், ரூல்ஸ் என்றால் தம்பியையே நிறுத்திவிடுவார்.

"இன்னா எஸ்தரு, வேர்த்து ஊத்துது?"

"அண்ணே, உள்ள போவணும். சோயா சாஸ் வைக்க மறந்துட்டேன்."

"அவ்ளோதானே, குடு. நானே அனுப்பிட்றேன்."

என் கை வெறுங்கை. விழித்துவிட்டு, "இல்லண்ணே, பாக்ஸே மாறிப்போச்சு. எடுத்துட்டு வேற தரணும்" என்றேன்.

"உள்ள போன பொருளு வெளிய வரணும்னா தினேஷ் சார் கையெழுத்து வோணும். இரு, எக்ஸ்டென்ஷன் அடிக்கிறேன்."

அடித்தார். யாரும் எடுக்கவில்லை. அதற்குள் ஒரு கன்டெய்னர் வந்தது. அவர் பேப்பர் பார்க்கப் போய்விட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆமாம், உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் இருபத்திரண்டு வருஷப் பெயர் போய்விடும் என்று மனசு கணக்குப் போட்டது. அவர் திரும்பி வரட்டும், கெஞ்சி உள்ளே போய், யாருக்கும் தெரியாமல் பாக்ஸைத் தூக்கி வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு இருபத்தைந்து. அதைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

"அண்ணே, பொய் சொன்னேன். அந்த சாப்பாட்டுல நெய் பட்டுடிச்சி. ஜப்பான் சாருக்கு நெய் ஆவாது, மூச்சு நின்னுடும். என் கைத் தப்பு. நிறுத்துண்ணே!"

முனுசாமி அண்ணன் கையிலிருந்த பேப்பரைப் பெஞ்சில் போட்டார். வாக்கி டாக்கியை எடுத்தார். "கேட் ஒன் பேசுறேன். எஸ்தரம்மா குடுத்த சாப்பாட்ட கெஸ்ட் தொடக் கூடாது. நெய் கலந்துடிச்சி. உடனே நிறுத்துங்க, உடனே!" எல்லா கேட்டிலும் எல்லா லைனிலும் அது கேட்டிருக்கும். எனக்கு அப்போது வெட்கமே இல்லை. பதில் வருவதற்குள் செத்துப் பிழைத்தேன்.

"கேட் ஒன், சீக்கிரமே லஞ்சுக்கு வந்துட்டாரு. ஒரு பீஸ் சாப்ட்டாரு. இப்பத்தான், ரெண்டு நிமிஷம் ஆவுது."

6. முதலுதவி அறை

உடனே அவரை முதலுதவி அறைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். என்னையும் உள்ளே விட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவரின் உதடு என் கண் எதிரிலேயே வீங்கியது. கழுத்தில் தடிப்பு தடிப்பாகச் சிவந்தது. மூச்சில் விசில் சத்தம் வந்தது. பையில் அலர்ஜிக்காகத் தயாராக வைத்திருந்த ஊசியைத் தொடையில் தானே குத்திக்கொண்டார். நர்ஸ் ஆக்ஸிஜன் வைத்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை நான் சுவரோரமாக நின்றேன்.

மறுநாள் தினேஷ் சார் போன் செய்தார். "நல்லா கீறாருமா, டிஸ்சார்ஜ் ஆயிட்டாரு. ஊர்ல இருந்து நீங்க ஓடியாந்து சொன்னதாலதான் பொழச்சேன்னு சொல்றாரு. உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாரு. தப்பு யாருக்கும் நடக்கும், நீங்க ஒளிக்காம சொன்னீங்க பாருங்க, அது பெரிசு."

நான் "சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன்.

இப்போது வீகன் ஆர்டர் இருக்கிற நாளில் என் சமையலறையில் பால், நெய், தயிர் எதையும் திறப்பதில்லை. வினிகர் தண்ணீரை இரண்டு பாத்திரத்தில் வைக்கிறேன். வண்டிக்காரர் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் கடைசி ரோலை நிதானமாகச் சுருட்டுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை.

சொல்ல வந்தது வேறு. நெய் பட்டது கை மறதி. அதை எல்லோரும் மன்னித்துவிட்டார்கள், நானும் மன்னித்துக்கொண்டேன். ஆனால் கேட்டில் நான் போய் நின்றபோது அவர் ஒரு துண்டும் சாப்பிட்டிருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சாப்பிட்டார். முனுசாமி அண்ணனுக்கு அது தெரியும், இதுவரை வாய் திறக்கவில்லை. தினேஷ் சாருக்கு இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.