நெற்றி மட்டும்

ஓகஸ்ட் விடுமுறையில் உம்மாவின் ஊரான மருதமுனைக்குப் போனேன். காரணம் என் தங்கை. வயது ஒன்பது. உம்மா எப்படி இருப்பார் என்று ஒருநாள் கேட்டாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே உம்மா மௌத்தாகிவிட்டார். படம் இல்லை; அந்த ஊர்ப் பெண்களை அப்போது யாரும் படம் எடுத்ததில்லை. எனக்கும் முகம் கலைந்துவிட்டது. உம்மாவின் தங்கை, என் சாச்சி, அச்சாக அவரைப் போலவே என்றார் வாப்பா. நண்பனிடம் பெட்டிக் கமரா இரவல் வாங்கினேன். சாச்சியைப் படம் எடுத்து, இதுதான் உம்மா என்று தங்கையிடம் கொடுப்பது திட்டம்.

என்னைப் போலக் கண்டியிலிருந்து போகிறவர்கள் பொல்காவலையில் இறங்கி மட்டக்களப்பு இரவு மெயிலைப் பிடிக்க வேண்டும். எஞ்சினை ஒட்டிய பெட்டியில் ஏறாதீர்கள். கண்ணில் கரி விழும். காலையில் மட்டக்களப்பு. அங்கிருந்து கல்முனை பஸ், இருபத்தைந்து மைல், ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. பிறகு தென்னை. பிறகு தூக்கம். மருதமுனை, கல்முனைக்கு இரண்டு மைல் முன்னால் இருக்கிறது. நான் கண் விழித்தது கல்முனைச் சந்தியில்.

திரும்பி வர ஒற்றை மாட்டுக் கரத்தை. ஐம்பது சதம். எந்தக் குடி என்று கரத்தைக்காரர் விசாரித்தார். அந்தக் கரையில் ஊரைக் கேட்குமுன் வம்சத்தைக் கேட்பார்கள். சொன்னேன். அவர் சிரித்தார்.

"அது வாப்பாட குடி தம்பி. அது உங்களுக்கு என்னத்துக்கு? உம்மாட குடியச் செல்லுங்க."

அங்கே பிள்ளைகள் தாயின் குடி. அது தெரியும். தாயின் குடிப்பெயர்தான் தெரியவில்லை. படிக்கும் இடத்தை முன்பே சொல்லித் தொலைத்திருந்தேன். "யுனிவசிட்டியாம்," என்று அவர் மாட்டிடம் சொன்னார்.

சாச்சி முற்றத்தில் நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். முழங்கைவரை நீலம். படம் எடுப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. எதற்கு என்று மட்டும் கேட்டார். திட்டத்தைச் சொன்னேன். நூலைச் சட்டியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எண்ட முகத்தக் காட்டி உம்மாண்டு செல்லப் போறியா? நாளைக்கு அவள் தண்ட புள்ளைக்கும் அதத்தான் செல்லுவாள். பொறகு எண்ட ராத்தா எங்க மனே இரிப்பா?"

அக்காவும் தங்கையும் ஒன்றுபோல என்று வாப்பா சொன்னதைச் சொன்னேன்.

"கலியாணம் முடிச்ச புதுசுல ராத்தாண்டு நெனச்சி எனக்கிட்ட வந்து வெத்தில மடிச்சித் தா எண்டு கேட்ட ஆள். அவருக்கு என்ன தெரியும்."

பிறகு, கையில் சாயம் காயும்வரை, வேறுபாடுகளைச் சொன்னார். உம்மாவின் வாய் இன்னும் சிறியது. மூக்கு கூர். இடது கண்ணுக்குக் கீழே மச்சம். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். நான் குடிப்பெயரை மட்டும் கேட்டேன். சொன்னார். அதைக்கூடத் தெரியாமல் வளர்த்ததற்கு வாப்பாவுக்கு இன்னொரு ஏச்சு.

"நெத்தி மட்டும் ஒண்டுதான். அதுக்காக எடு."

முக்காட்டைச் சற்றுப் பின்னால் தள்ளிவிட்டு வெயிலில் வந்து நின்றார். ஆறடி தள்ளி நின்று எடுத்தேன்.

இதே காரியமாகப் போகிறவர்களுக்குச் சில. பிலிமைக் கண்டியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கல்முனையில் இன்னொரு சுருள் தேடியும் கிடைக்கவில்லை. காலை வெயிலில் எடுங்கள். தாயின் குடியைத் தெரிந்துகொண்டு பஸ் ஏறுங்கள். படத்தின் பின்னால் அது யார் என்று எழுதுங்கள். யார் அல்ல என்பதையும்.

நான் எழுதினேன்: சாச்சி. உம்மா அல்ல. கீழே வாய், மூக்கு, மச்சம், சிரிப்பு.

தங்கை முதலில் படத்தைப் பார்த்தாள். பிறகு பின்பக்கத்தை வாசித்தாள். அப்படியானால் எதுதான் ஒன்றுபோல என்று கேட்டாள். சொன்னேன். படத்தை மேசையில் வைத்து, புருவத்துக்குக் கீழே எல்லாவற்றையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மிச்சமிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.