மாமா பேரில் ஒரு வண்டி

சைகோனில் இருசக்கர வண்டி இல்லாதவரை யாரும் மனிதராகவே எண்ணுவதில்லை. வண்டி இருக்கிறவரிடம் அது யார் பேரில் இருக்கிறது என்று கேட்பதும் இல்லை. லியூவின் வண்டிக் காகிதத்தில் வோ வான் லூம் என்று எழுதியிருந்தது. தெற்குக் கோடியில், கா மாவ் பக்கத்து ஆளாம். அவள் அவரைக் கண்ணால் கண்டதில்லை. வண்டி நாலு கை மாறி அவளிடம் வந்தது. பேர் மாற்ற வேண்டுமானால் அந்த லூமைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவு அலைச்சலுக்கு யாருக்கு நேரம் இருக்கிறது? வழியில் போலீஸ் மறித்தால், "எங்க மாமா வண்டி சார்" என்பாள். பதினோரு வருஷமாக லூம் அவளுக்கு மாமாவாக இருந்து வருகிறார்.

லியூவுக்கு நாற்பத்தொன்பது வயது. வீடு ஊருக்கு வெளியே, ஹோக் மோனில். விடிவதற்கு முன்பே பள்ளிக்கூடச் சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்து, அறுநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்து, பதினோரு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கணவர் கியெமைப் பின்னால் உட்காரவைத்து, பத்தொன்பது கிலோமீட்டர் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷமாகிறது. நாலு மணிநேரம் இயந்திரத்தோடு கிடந்து ரத்தம் சுத்தமாகி வெளியே வரும்போது மனிதர் துவண்டு போயிருப்பார். கட்டம்போட்ட துண்டால் இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் திரும்புவாள். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், அவரால் நிற்க முடியாது. ஆக, வண்டி இருந்தால்தான் அவருக்கு உயிர். அது இருவருக்கும் தெரியும்.

அந்தப் புதன்கிழமை நாலேகாலுக்கு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். லியூ கையை நீட்டினாள்.

"டோக்கனக் குடுங்க."

டோக்கனைப் பத்திரமாக வைத்துக்கொள்வது கியெமின் வேலை. அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே வேலையும் அதுதான். சட்டைப் பையைத் தடவினார். பேண்ட் பையை வெளியே இழுத்துப் பார்த்தார்.

"காணோம் லியூ. எங்கயோ விழுந்துருச்சு போல."

லியூ மறுபடி மூன்று மாடி ஏறினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள், குப்பைக்கூடையைக் கிளறினாள், கூட்டுகிற அம்மாவிடம் கேட்டாள். இல்லை.

வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவரை, பிறந்த வரிசையை வைத்துக் கூப்பிடும் அந்த ஊர் வழக்கப்படி, எல்லாரும் ஆறாம் அண்ணன் என்பார்கள். வண்டி உள்ளே வந்ததும் இருக்கையின் மேல் சாக்கட்டியால் எண் எழுதி, அதே எண்ணுள்ள காகித டோக்கனைக் கையில் கொடுப்பவர் அவர்தான். மூன்று வருஷமாக வாரம் மூன்று நாள் லியூவைப் பார்க்கிறவர்.

"அண்ணே, டோக்கன் தொலைஞ்சிருச்சு. அதோ, நானூத்திப் பதினேழு, அதான் என் வண்டி. சாவி இருக்கு பாருங்க."

"சாவி திருடன் கையிலயுந்தான் இருக்கும் தங்கச்சி. வண்டிக் காகிதத்தையும் அடையாள அட்டையவும் காட்டு. பேரு ஒண்ணா இருந்தா கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டுப் போ."

அவள் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"லூமா? யாரு இது?"

"மாமா."

"அப்ப மாமாவ வரச் சொல்லு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "என் வண்டியும் ஒரு மாமாவோடதுதான்ணே, அவரையும் சேத்துக் கூப்பிடுங்க!" என்றான் ஒருவன்.

"என்னை உங்களுக்குத் தெரியாதாண்ணே?" என்றாள் லியூ.

"தெரியும். போன மாசம் இப்படித்தான் தெரிஞ்ச மூஞ்சியாச்சேன்னு விட்டேன். மறுநாள் நிஜமான சொந்தக்காரன் வந்து என் சட்டையப் புடிச்சான். ஏழு மணிக்கு இடத்தச் சாத்துவேன். எல்லாரும் அவங்கவங்க வண்டிய எடுத்துட்டுப் போகட்டும். கடைசியா நிக்கிறது உன்னோடது. அதுவரைக்கும் உக்காரு."

உட்கார்ந்தார்கள். ஆறாம் அண்ணன் கியெமுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். லியூ தரையில் காலை நீட்டினாள். எதிரே கரும்புச்சாறு பிழிகிற சத்தம் கேட்டது. கியெமுக்கு நாளெல்லாம் சேர்த்து இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் ஆகாது. அவர் பார்க்கக் குடிக்க மனமில்லாமல், மூத்திரத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்று ஒரே மடக்கில் குடித்துவிட்டு வந்தாள்.

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஐந்தரைக்கு ஒரு கூட்டம், ஆறுக்கு ஒரு கூட்டம். தன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்த லியூவுக்குத் திடீரென்று ஒரு நினைப்பு வந்தது. வேறு எவனாவது அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால்? வெள்ளிக்கிழமை வர வேண்டாம். தூங்கலாம். மத்தியானம் பாயை விரித்துக் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரிவரை தூங்கலாம். வெள்ளிக்கிழமை வராவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாதா? தன்மீதே அருவருப்பு வந்தது. ஆனாலும் அந்தத் தூக்கத்தின் ருசி நாக்கை விட்டுப் போகவில்லை.

ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒரு நர்ஸ் டோக்கனும் கையுமாக ஓடிவந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

"கோவிச்சுக்காத தங்கச்சி," என்று நோட்டை நீட்டினார் ஆறாம் அண்ணன். லியூ கையெழுத்துப் போட்டாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆன் சூங் சந்திப்பில் சிவப்பு விளக்கு. சுற்றிலும் நூறு வண்டிகளின் உறுமல். கியெம் அவள் காதருகே பேசினார்.

"டோக்கன் விழல. நாந்தான் கிழிச்சுப் போட்டேன்."

அவள் திரும்பவில்லை.

"சிக்னலுக்குச் சிக்னல் நீ தூங்கிப் போற லியூ. போகப் போகவே தலை சாயுது. நான் தூங்கறதா நினைச்சுக்கிட்டிருக்க. நான் உன் தோளப் புடிச்சு நிமித்திக்கிட்டே வரேன். முந்தாநாள் லாரிக்கு ஒரு முழம் விட்டு வந்தோம். உனக்குத் தெரியவே தெரியாது. நமக்கொரு பொண்ணு இருக்கு. ஒரே நாள்ல ரெண்டு பேரயும் அவ எடுத்துப் போடணுமா? வண்டி இல்லேன்னா நீயாவது..."

லியூ இரண்டு கையாலும் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தாள். கண்ணீர் வந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அலறியது.

"வெள்ளிக்கிழம டோக்கன நான் வச்சுக்கறேன்," என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.