கோழி டப்பாவில் ஒரு புளியங்கொட்டை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இன்று ஒரகடத்தில் ஷிப்டு விடுகிற நேரத்தில் போய்ப் பாருங்கள், எந்தக் கம்பெனி வாசலிலும் என் வேன் ஒன்று நிற்கும். பட்டம் வாங்கிய பிள்ளைகள் அதில் ஏறித்தான் வீடு போகிறார்கள். வேன்காரர்கள் சங்கத்துக்கு நான்தான் தலைவர். எதிர்த்து நிற்க இதுவரை ஒருவனுக்கும் துணிச்சல் வரவில்லை. ஆனால் நான் தோற்ற தேர்தல் ஒன்று உண்டு.

அம்மா இறந்த பிறகு வாலாஜாபாத்திலிருந்து என்னைக் கொண்டுவந்து மாமா வீட்டில் விட்டார்கள். வயது கடந்து பள்ளியில் சேர்ந்ததால் வகுப்பிலேயே நெட்டையன் நான். பாயின் கடைசியில் தனியாக உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் ஒருத்தனும் வரமாட்டான்.

ஊரில் தேர்தல் நடந்த வருஷம் அது. அப்போதெல்லாம் நிற்கிற ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. அதே மாதிரி வாத்தியார் எங்களுக்கும் வகுப்புத் தலைவர் தேர்தல் வைத்தார். தலைவனாக வருகிறவன் தன் பக்கத்தில் உட்கார ஒருவனைத் தானே பொறுக்கிக்கொள்ளலாம் என்றார். அதற்காகவே எழுந்து நின்றேன். எதிரில் மணியக்காரர் மகன். அவனுக்குக் குடைச் சின்னம், எனக்குக் கோழி.

"கோழி இன்னாடா பண்ணும்? முட்டதான் போடும்!" என்று அவன் கத்த, வகுப்பே சிரித்தது.

கதவுக்குப் பின்னால் இரண்டு டப்பாக்கள். ஆளுக்கொரு புளியங்கொட்டைதான் ஓட்டு. நிற்கிறவர்கள் முதலில் போடவேண்டும். பந்தியில் பரிமாறுகிறவன் முதலில் தன் இலையில் வைத்துக்கொள்வானா? எங்கள் வீட்டில் அது அசிங்கம். என் கொட்டையைக் குடை டப்பாவில் போட்டுவிட்டு வந்தேன்.

எல்லோரும் போட்டு முடித்ததும் வாத்தியார் டப்பாக்களைக் கவிழ்த்தார். குடையிலிருந்து மேசை நிறையக் கொட்டியது. கோழியிலிருந்து ஒன்றே ஒன்று விழுந்தது.

"தனக்குத் தானே போட்டுக்கினான்டோய்!" என்றான் மணியக்காரர் மகன்.

"இல்ல சார், நான் குடைக்குதான் போட்டேன்."

"எவனாவது எதிராளிக்குப் போடுவானாடா? போய் உக்காரு நெட்ட," என்று வாத்தியாரும் சிரித்துவிட்டார்.

"அப்ப கோழிக்குப் போட்டது யாரு? சொல்லுங்கடா!" என்று கேட்டேன். சிரிப்புதான் இன்னும் கூடியது.

அந்தச் சிரிப்பில் ஒரு வாய் எனக்கு ஓட்டுப் போட்டவனுடையது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி சிரித்தன.

மறுநாள் பாயில் என் சிலேட்டை நகர்த்தி, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டேன். பள்ளியை விட்டு நிற்கும்வரை அப்படியே விட்டு உட்கார்ந்தேன்.