பிராங்கிளினின் மீதித் தூக்கம்

திருவொற்றியூரில் கடலுக்கு மூணாவது தெருவில் ரெண்டு மாடியோடு நிமிர்ந்து நிற்கிற பச்சைக் கட்டடம் நான் கட்டினது. அப்பன் சொத்து இல்லை, மாமனார் சீதனமும் இல்லை. அஞ்சாங்கிளாஸ் தாண்டாத அம்புரோஸ், ஹார்பரில் மூட்டை தூக்கி, அப்புறம் கப்பல் கயிறு பிடித்து, அப்புறம் நாலு பேரை வைத்து வேலை வாங்கிக் கட்டினது. இதைத் தற்பெருமை என்று சொல்கிறவன் முதலில் ஒரு சுவர் எழுப்பிவிட்டு வரட்டும்.

பெரிய மனுசர்களைப் பற்றி எழுத ஊரில் ஆள் இருக்கிறது. என் வீட்டு ரெண்டாம் மாடியில் குடியிருக்கிற ஃப்ளோராவைப் பற்றி எழுத என்னை விட்டால் யாருமில்லை. தெருவில் பாதிப் பேர் அவளைப் பைத்தியம் என்கிறார்கள். மீதிப் பேர் அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். அந்த அறைக்குள் உட்கார்ந்து பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

ஃப்ளோரா ராயபுரத்துப் பெண். அவள் அப்பாவும் ஹார்பர் ஆள்தான், எனக்குத் தெரியும். பிராங்கிளினைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவன் முதலில் லாரி ஓட்டினான், அப்புறம் கன்டெய்னர் டிரெய்லருக்கு மாறினான். ராத்திரி முழுக்க எண்ணூர் ரோட்டில் வரிசையில் நின்று, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் ஹார்பருக்கும் போய் வந்து, காலையில் கண் சிவக்க வீடு வருவான். பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பாயில் சாய்வான். நமக்கு மத்தியானம் அவனுக்கு நடுச்சாமம்.

எங்கள் பக்கம் இப்படிப் பகலில் தூங்குகிற ஆம்பளைகள் வீட்டுக்கு வீடு உண்டு. மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து கரண்டை நிறுத்திவிடுவார்கள். ஷட்டவுன் என்போம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீடு, மே மாசம், ஃபேன் நின்றால் தளம் தோசைக்கல்தான். அன்றைக்கு வேறு வேலை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு வீட்டுப் பொம்பளை விசிறி எடுத்துக்கொண்டு தலைமாட்டில் உட்காருவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அதுதான் இங்கே வழக்கம். தூக்கம் கெட்டவன் ராத்திரி வண்டியில் கண் அசந்தால் என்ன ஆகும் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும்.

ஃப்ளோரா வீசுகிற அழகை நான் பார்த்திருக்கிறேன். பனையோலை விசிறியின் ஓரத்தில் தண்ணீர் தெளித்துக்கொள்வாள். வலது கை வலித்தால் இடது கைக்கு மாற்றுவாள். மாற்றும்போதுகூடக் காற்று அறுந்து போகாது. பிராங்கிளின் குறட்டை விட்டுக்கொண்டு கிடப்பான், ராஜா மாதிரி. எழுந்ததும் பாயைக் கால்மாட்டிலிருந்து இறுக்கிச் சுருட்டி, பழைய லுங்கிக் கிழிசலால் ஒரு முடிச்சுப் போட்டு மூலையில் நிறுத்துவான். லாரிக்காரன் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிற முடிச்சு அது. ஒரு முனையை இழுத்தால் இறுகும், மறுமுனையைச் சுண்டினால் மொத்தமும் கழன்றுவிடும். ஃப்ளோரா எத்தனையோ தரம் போட்டுப் பார்த்திருக்கிறாள், வந்ததில்லை. அவள் போட்டால் பாய் சரிந்து விழும், அவன் சிரிப்பான்.

ஒரு ஷட்டவுன் அன்று தண்ணி லாரி வந்தது. என் வீட்டு போர்வெல் தண்ணி உப்பு, குடிக்க ஆகாது. லாரியை விட்டால் மறுபடி எப்போது வரும் என்று அந்த லாரிக்காரனுக்கே தெரியாது. ஃப்ளோரா விசிறியைக் கீழே வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். வரிசையில் தள்ளுமுள்ளு, சண்டை, நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது பிராங்கிளின் எழுந்து உட்கார்ந்திருந்தான். முதுகு முழுக்க வேர்வை, கண் ரெண்டும் ரத்தம். கொஞ்சம் படுங்க, நான் வீசுறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். தூக்கம் ஓடிப்போச்சு என்று சட்டையை மாட்டினான். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னதை நானும் கீழே இருந்து கேட்டேன்.

"பாயை எடுக்காத ஃப்ளோரா. மீதியை வந்து தூங்கிக்கிறேன்."

மறுநாள் விடியற்காலையில் எர்ணாவூர் பக்கம், நின்றுகொண்டிருந்த வண்டியின் பின்னால் போய்ச் செருகிவிட்டான். பிரேக் பிடித்த அடையாளமே ரோட்டில் இல்லை என்றார்கள்.

பாயை அவள் எடுக்கவில்லை. அடக்கம் முடிந்தும் எடுக்கவில்லை. வருசக்கணக்கில் அது விரித்தபடியே கிடந்தது. பெருக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துடைப்பம் போகும். வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் பட்டன் வைக்கிற வேலைக்குப் போனாள். மெட்ரோவில் போவாள், வருவாள், ஞாயிறு பூசைக்கு வருவாள், என்னைப் பார்த்தால் சேலையைச் சரி பண்ணிக்கொண்டு வணக்கம் சொல்லுவாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஷட்டவுன் அன்று மட்டும் லீவு போட்டுவிடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் காலிப் பாயின் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டு வரும் வரை வீசுவாள்.

முதல் மாடியில் சுகிர்தம் குடியிருக்கிறாள். நாசரேத் பக்கத்துப் பெண், வீட்டுக்காரருக்கு மளிகைக் கடை. அவள் ஒரு நாள் முகமெல்லாம் வெளுத்து இறங்கி வந்தாள்.

"அண்ணாச்சி, ஷட்டவுன் அன்னைக்கு மேல ஆம்பளக் கொறட்டை கேக்கு. ஒரு நா ரெண்டு நா இல்ல, எப்பவும் கேக்கு."

நான் சிரித்தேன். கப்பல் அடித்தட்டில் தனியாக இறங்கினவன் நான். சவப்பெட்டி இறக்கியிருக்கிறேன், அதன் மேலேயே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். பேயாக இருந்தாலும் என் கட்டடத்தில் அட்வான்ஸ் குடுத்துட்டுத்தான் படுக்கணும் என்று சொல்லி அவளை அனுப்பினேன். ஆனால் பேச்சு தெருவில் பரவ ஆரம்பித்தது. பேய் வீடு என்று நான் கட்டின வீட்டைச் சொல்ல விடுவேனா? மொத்தக் கட்டடத்துக்கும் பெரிய இன்வெர்ட்டர் போட்டேன். ஃபேன் மட்டுமில்லை, ஃபிரிட்ஜ் வரைக்கும் இழுக்கும். தெருவிலேயே அப்படி ஒன்று வேறு யார் வீட்டிலும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. கரண்டு போனது தெரிந்தால்தானே விசிறி எடுப்பாள் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த ஷட்டவுனில் தெரு முழுக்க வேர்த்துக் கொட்ட, என் வீட்டில் எல்லா ஃபேனும் ஜம்மென்று சுற்றின. ஃப்ளோரா இறங்கி வந்தாள். சந்தோசம் சொல்ல வருகிறாள் என்று நினைத்துக் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

"அண்ணே, இந்த இன்வெர்ட்டரை நிறுத்திடுங்கண்ணே."

"இன்னாத்துக்கு? காத்து வந்தா உடம்பு நோவுதா?"

"கரண்டு போனா எல்லா சத்தமும் ஒண்ணா நிக்கும்ல. அந்த அமைதியிலதான் அவரு வராரு. இப்ப அது வர மாட்டேங்குது."

மேலே உன் ஃபேனை அணைத்துக்கொள்ளேன் என்றேன். அணைத்துப் பார்த்தாளாம். கீழே டிவி பேசுகிறது, ஃபிரிட்ஜ் உறுமுகிறது, தான் பொய்யாக அணைத்தது அவருக்குத் தெரிந்துவிடுகிறது என்றாள். ஏதோ காய்கறி விலை பேசுகிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் முடியாது என்றேன். இன்வெர்ட்டர் போட்ட வீட்டில் இன்வெர்ட்டர் வேணாம் என்று கேட்ட முதல் குடித்தனம் நீதான் என்று கேலியும் பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் இளைத்துப்போனாள். தூங்குகிற முகமே இல்லை. சில மாசம் கழித்து வந்து வீட்டைக் காலி பண்ணுகிறேன் என்றாள். எர்ணாவூரில் அக்கா வீட்டுப் பக்கம் ஒரு ரூம் பார்த்திருக்கிறாளாம். அங்கே கரண்டு நன்றாகப் போகிறதாம். கரண்டு போவதற்காக வீடு மாறுகிறவளை நான் இதுவரை கண்டதில்லை.

"அப்ப போக வேண்டியதுதானே, ஏன் அழுவுற?" என்றேன்.

"அவருக்கு இந்த வூடுதாண்ணே தெரியும். அங்க வருவாரோ இன்னாவோ. பாதித் தூக்கத்துல எழுப்பி வுட்டுட்டேன். அதை முடிச்சுக் குடுக்கணும், அவ்ளோதான்."

என் வீட்டைக் குறை சொல்லி ஒரு குடித்தனமும் வெளியே போனதில்லை. போகவும் விடமாட்டேன். அடுத்த ஷட்டவுனுக்கு நானே மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைக்கிறேன், நானே மேலே வந்து உட்காருகிறேன், ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டி வை என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினாள்.

அந்த நாள் வந்தது. சுகிர்தம் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் மெயினை இறக்கினேன், இன்வெர்ட்டரை அணைத்தேன். வீடு ஒரு தரம் மூச்சு விட்டு அடங்கின மாதிரி இருந்தது. படியேறினேன். ஃப்ளோரா ஜன்னலைச் சாத்தியிருந்தாள், வெளிச்சம் உறுத்தினால் அவன் தூங்கமாட்டான் என்று. நடுவில் பாய். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். விசிறியில் தண்ணீர் தெளித்து என் பக்கமாக வீசத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம்தான் கவனித்தேன், என் மேல் காற்றே படவில்லை. எட்டிக் கைகொடுக்கிற தூரம்தான், நேராக என்னைப் பார்த்துத்தான் வீசுகிறாள். வேர்வை என் காதோரம் வழிந்தது. கையை நீட்டி அவள் பக்கமாகப் பாய்மேல் பிடித்தேன், விசிறிக் காற்று உள்ளங்கையில் சில்லென்று அடித்தது. கையை மெல்ல என் பக்கம் இழுத்தேன். நடுவில் ஓர் இடத்தில் காற்று நின்றுபோனது. அந்த இடம் சூடாக இருந்தது, தூங்குகிறவன் முதுகுக்குப் பக்கத்தில் இருக்குமே, அந்தச் சூடு. டீசல் வாடை வந்தது. ஹார்பர்காரனுக்கு டீசல் வாடை புதிதில்லை, அதனால் நான் எழுந்திருக்கவில்லை.

குறட்டை கேட்டதா என்று கேட்பீர்கள். மூச்சு கேட்டது. என்னுடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை.

அப்போதுதான் தெருமுனையில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது.

ஃப்ளோராவின் கை நிற்கவில்லை. கதவோரம் காலிக் குடங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை, திறந்தால் அவன் முழித்துக்கொள்வான் என்கிற மாதிரி.

நான் எழுந்தேன். இந்தக் கட்டடம் கட்டின நாளிலிருந்து நான் குடம் தொட்டதில்லை. அன்றைக்குக் கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, படியில் செருப்புச் சத்தம் வராமல் வெறுங்காலோடு இறங்கினேன்.

லாரிக்கிட்டே பொம்பளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இன்னா ஓனரு, நீயே தண்ணி புடிக்க வந்துட்ட? வூட்டம்மா தொரத்திட்டாங்களா?"

உடம்புக்குக் கசரத்து பண்றேன் போ என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தள்ளுமுள்ளு அன்றைக்கும் அதேதான். என் முறை வந்து, ரெண்டு குடத்தையும் ரொப்பி, ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோனேன். இந்த வயதிலும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

முதல் குடத்தைக் கதவுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு இறங்கியிருந்தேன். ரெண்டாவது குடத்தோடு உள்ளே போனபோதுதான் அறையைப் பார்த்தேன்.

நடுவில் பாய் இல்லை. மூலையில் நின்றது, இறுக்கிச் சுருட்டி, லுங்கிக் கிழிசலால் கட்டி. குடத்தை இறக்கிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். கயிற்றிலேயே வாழ்ந்தவன் நான், என்னை முடிச்சில் ஏமாற்ற முடியாது. ஒரு முனை இறுக, மறுமுனை சுண்டத் தயாராக, லாரிக்காரன் முடிச்சு. நான் தொடவில்லை.

ஃப்ளோரா வெறுந்தரையில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி, அத்தனை வருசத் தூக்கத்தையும் ஒன்றாகத் தூங்கினாள். மேலே ஃபேன் அசையாமல் நின்றது. ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. அவள் நெற்றியில் வேர்வை இல்லை. நெற்றியோரத்து முடி மட்டும் எழுந்து எழுந்து படிந்தது, ஒரே தாளத்தில், கொஞ்சமும் அறுந்து போகாமல்.

அவள் கை ரெண்டும் காலியாக இருந்தன. விசிறி எங்கே என்று நான் தேடவில்லை.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கீழே வந்தேன். தெருவில் கரண்டு வந்துவிட்டது, எதிர்வீட்டில் மிக்சி ஓடியது. சுகிர்தம் கடையிலிருந்து வந்து, எல்லார் வீட்லயும் வந்துட்டே, நம்ம வீட்ல மட்டும் இருட்டா கிடக்கே அண்ணாச்சி என்றாள். நான் பயந்தவன் இல்லை, அதை யாரும் சொல்ல முடியாது. ஃப்ளோரா தானாக முழித்து இறங்கி வரும் வரைக்கும் மெயினைப் போடாமல் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.