முகம் மேலே போட்ட கல்

வேலையிடத்தில் அவருக்கு, மட்டம் பார்க்கிற கருவியை வைத்து, ‘ரசமட்டம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கொத்தனார். சுவரோ தரையோ, நூலளவு பிசகினாலும் உடைத்துவிட்டு மறுபடி போடுவார். மேஸ்திரிகள் பல்லைக் கடிப்பார்கள். ஆனாலும் அடுத்த வேலைக்குக் கூப்பிடுவது அவரைத்தான்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் தினமும் காலையில் ரயில் நிலையத்தில் என்ன செய்தார் தெரியுமா? பெண்டாட்டியை உப்புமூட்டை தூக்கினார். அவளுக்குச் சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது. கக்கத்தில் கட்டை ஊன்றித்தான் நடப்பாள். நாலு நிலையம் தள்ளி ஒரு தையல் கூடத்தில் வேலை. தெருவிலிருந்து நடைமேடைக்கு இருபத்திரண்டு படிகள். கட்டினவன் ஒட்டகத்துக்கு அளவெடுத்துக் கட்டினானோ என்னவோ, அத்தனை உயரம். சாயங்காலம் அவளை இறக்கவும் அவர்தான் வந்து நிற்பார்.

“எல்லாரும் பாக்கறாங்க” என்பாள் முதுகிலிருந்து.

“பாக்கட்டுமே. எம் பொண்டாட்டியத்தானே தூக்கறேன்?”

“தூக்கறவருக்கு என்ன? மூட்டைக்கில்ல தெரியும் கூச்சம்.”

பதினெட்டு வருஷம் இப்படி ஓடியது. அந்தப் படிகளைத் தானாக ஒரு நாள் கடக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் அவரிடம் வேறெதுவும் கேட்டதில்லை. அதனால், நிலையத்துக்குச் சாய்தளம் கட்டப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் அவர் கையிலிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் அங்கே சேர்ந்துகொண்டார்.

அந்த வேலைக்கு இன்ஜினியர் ஒரு இளம்பெண். வெயிலில் நின்று நின்று கறுத்துப் போனவள். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “பழைய நடைமேடைய இடிச்சதுல ஒரு கூடை கூட வெளிய போகக் கூடாது. புதுக் கல்லும் உள்ள வரக் கூடாது.”

“பழச வெச்சு ஒப்பேத்தறதா மேடம்?”

“ஒப்பேத்தல் இல்லண்ணா. இன்னொரு மலைய உடைக்காம கட்ட முடியுதான்னு பாக்கறோம்.”

உடைந்த கான்கிரீட்டை நொறுக்கி உள்ளே நிரப்பினார்கள். மேலே பாவ, பழைய நடைமேடையின் கல்பலகைகள். எத்தனையோ வருஷம் ஜனங்கள் நடந்து நடந்து ஒரு பக்கம் கண்ணாடியாகத் தேய்ந்திருந்தது. “தேஞ்ச பக்கம் கீழ, சொரசொரப்பு மேல. மறந்துடாதீங்க” என்றாள் இன்ஜினியர்.

அப்படியே போட்டார். ஆனால் மனசு ஒப்பவில்லை. கல்லுக்கு முகம் என்று ஒன்று உண்டு. முகத்தை மண்ணில் புதைத்து முதுகைக் காட்டி வைக்க எந்தக் கொத்தனாருக்குக் கை வரும்? உச்சியில் பதினாறு கல் பாக்கி இருந்தபோது இன்ஜினியர் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டாள், இரண்டு நாள். இவருக்குப் புத்தி பேதலித்தது. தன் பெண்டாட்டி ஏறி வந்து கால் வைக்கிற இடம் பளபளவென்று இருக்கட்டுமே என்று நினைத்தார். பதினாறையும் முகம் மேலே வைத்துப் பாவிவிட்டார். ஆசைதான், வேறொன்றுமில்லை. பாழாய்ப்போன ஆசை.

திரும்பி வந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “என்னண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க? மழை பெஞ்சா?”

“உளியால கொத்தி விட்டுடறேன் மேடம். ஒரு நாள் வேலை. என்னை நம்புங்க.”

திறப்பு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரை நம்பி, வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டாள். இவரும் உளியும் சுத்தியலுமாகப் போய் உட்கார்ந்தார். அந்தப் பளபளப்பில் முதல் அடி வைக்க மனசு வரவில்லை. திறப்பு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டார்.

திறந்த பிறகு பதினோரு நாள் பெண்டாட்டி தனியாகப் போய் வந்தாள். துணைக்கு வருகிறேன் என்றவரை, “நீங்க தெருவோட நில்லுங்க” என்று விரட்டினாள். மேலே போனதும் திரும்பிப் பார்த்துக் கை ஆட்டுவாள். கல்யாணமான புதிதில்கூட அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை மழை. உச்சியில் கட்டை வழுக்கியது. விழுந்ததில் வலது இடுப்பு முறிந்தது. இருந்த ஒரே நல்ல கால் அந்தப் பக்கம்தான். எலும்பு கூடிவிடும், ஆனால் இனி நடப்பது சந்தேகம் என்றார் டாக்டர்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்ல வந்த நாத்தனாரை அவள் படுத்தபடியே விரட்டியடித்தாள். மறுநாள் இன்ஜினியர் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். “கையெழுத்து போட்டது நான். தப்பு என்னோடதுதான்கா” என்றாள். ரசமட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

“நல்லா இருப்பியா நீ? படிச்சிருக்கியே, ஒரு கல்லு வழுக்கும்னு தெரியாது?” என்று இவள் பிடித்துக்கொண்டாள். வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனாள். இவர் வெந்நீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார்.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் கட்டில் ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். இரண்டுமே நடக்கவில்லை.

“அந்தப் பொண்ண அவ்வளவு பேச்சுப் பேசினேன். வாயத் தெறக்காம நின்னீங்களே” என்றாள். “என்கிட்ட சொன்னா ஆச்சா? போங்க. அவ ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க.”

போனார். அதிகாரி தலை நிமிராமல் கேட்டார். “அவங்களே தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. மாத்தலும் போட்டாச்சு. நீ எதுக்குப்பா இப்ப வந்து குட்டையக் குழப்பற?”

கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, அவளுக்கும் கேட்கிற மாதிரி போனை ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்து, இன்ஜினியர் எடுத்தாள்.

“மேடம்... ஆபீஸ்ல உண்மையச் சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க...”

“அதெல்லாம் இருக்கட்டும்ணா. நிலையத்துல என்ன பண்ணியிருக்காங்க?”

“பலகை வெச்சிருக்காங்க மேடம். கவனமாக நடக்கவும்னு.”

“பலகைய விடுங்க. கல்லக் கொத்தினீங்களா?”

ஒரு வாரமாக ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தவருக்கு, அந்தக் கல் அங்கேயே கிடக்கிறது, அதன் மேல் இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

கட்டிலிலிருந்து அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது.