கிளட்ச் போல்ட்

அப்பாவின் பைக்குக்குப் புது கிளட்ச் தட்டுகளைப் போட்டு, கடைசி போல்ட்டை முறுக்கினேன். இரும்பு கிறீச்சிட்டதும் கை தானாக நின்றது. அப்பாவின் கையும் இப்படித்தான் நிற்கும்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலப்பவர் அவர். இரும்போடு இரும்பு உரசினால் தீப்பொறி என்ற பயம் வீடு வரை கூடவே வரும். போல்ட் முனகினாலே ஸ்பேனரை எடுத்துவிட்டு, "இம்புட்டுப் போதும் தாயி" என்பார்.

கொதிக்கும் கஞ்சி கொட்டி அம்மாவின் கை வெந்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் போக அவளைப் பின்னால் உட்காரவைத்து ஆக்சிலேட்டரைத் திருகினார். அவர் முழுதாக முறுக்காமல் விட்ட போல்ட்டுகளால் தளர்ந்திருந்த கிளட்ச் பிடிக்கவில்லை. என்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்க" என்று திருகிக்கொண்டே இருந்தார்.

போதுமென்று தெரிந்தும் இன்னொரு சுற்று முறுக்கினேன். போல்ட்டின் தலை முறிந்து ஸ்பேனரோடு வந்தது.

அன்று வெந்து மடங்கிப்போன விரல்களை மடியில் வைத்தபடி பார்த்திருந்த அம்மா, "அவுகளாச்சும் எதையும் ஒடைக்கல" என்றாள்.