சிமியோனின் லண்டன் தோள்

காங்கேசன்துறை வெளிச்சவீடு சரிந்து விழப்போகிறது என்றால் பொறியியலாளர் எவரையும் தேட வேண்டாம். குருநகர்ச் சிமியோனைக் கூட்டிப்போய் அவருடைய வலது தோளில் சாய்த்துவிட்டால் போதும். அப்பேர்ப்பட்ட தோள். லண்டன் டொக்டர்மார் பூட்டில் திறப்பு நுழையும் துவாரமளவு துளைகள் போட்டு, குழாய் விட்டு, உள்ளே உரஞ்சிய எலும்பைச் சீவிவிட்ட தோள்.

வீச்சுவலை எறிந்தெறிந்து கெட்டது அது. கையை உயர்த்தினால் எலும்புக்குக் கீழே தசைநார் நெரிந்து உயிர் போகும். எண்பத்தாறில் மகள் ஸ்ரெல்லா லண்டனுக்கு எடுப்பித்து வைத்தியம் பார்த்தாள். அங்கேயே இருக்கச் சொல்லி அழுதும் பார்த்தாள். மனைவியைப் புதைத்த சேமக்காலை இங்கே என்று இவர் திரும்பி வந்துவிட்டார்.

வந்தால், தோளில் இருந்ததோ நுளம்பு கடித்தது மாதிரி மூன்று தழும்பு. "உதுக்கோ லண்டன் போனனீர்?" என்று ஊர் சிரித்தது. கோயில் மூப்பர் பிலிப்பு மட்டும் சிரிக்கவில்லை. பெருநாளில் அந்தோனியார் சிலை வைத்த கூடு சுமக்கும் சிமியோனின் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்.

"துளை போட்ட வள்ளமும் துளை போட்ட தோளும் பாரத்துக்கு ஆகாது."

கடற்கரைச் சனத்துக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

ஆறு வருடம் போனது. லண்டனில் காட்டிக்கொடுத்தபடி காலையில் சுவரில் விரல்களை ஏறவிடுவார். சுண்ணாம்பில் விரல் தடங்கள் நண்டு ஏறியதுபோல மேலே மேலே போயின. கை முழுதாக உயர்ந்தது. மாரியில் அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் மட்டும் குத்தும். ஆனால் சண்டைக் காலம், கடலுக்குப் போகத் தடை. உயர்ந்த கையால் எறிய வலையில்லை. சில நாட்கள் வாய் திறந்து ஒரு சொல் கதைக்காமலே பொழுது படும்.

கூட்டின் தண்டில் நாலு பேர் நெருக்கி நிற்பார்கள். பின்னால் நிற்பவனின் மூச்சுப் பிடரியில் படும். அவருக்கு அந்தச் சூடு வேண்டியிருந்தது.

தொண்ணூற்றிரண்டில் பெருநாளன்று ஓர் ஆள் குறைந்தது. இளந்தாரிகள் பாதிப் பேர் ஊரில் இல்லை. பிலிப்பு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சிமியோன் முன்னால் போய்க் கையை வானத்துக்கு உயர்த்தினார்.

"இஞ்சை பாரும், மூப்பர்."

"கை ஏறுது, ஓம். பாரம் ஏறுமோ?"

"வள்ளத்திலை ஓட்டை இருக்கோ எண்டு கரையிலை நிண்டு சொல்லேலாது. தண்ணியிலை விட்டுப் பாரும்."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"சரி, போய்ப் பிடியும். சுருவம் விழுந்துதெண்டால் உம்மை நீந்தவிட்டே லண்டனுக்கு அனுப்புவன்."

முன்தண்டில் அவர் நின்றார். அவருக்குப் பின்னால் இதை எழுதுபவன். சந்தி திரும்பும்போது கூடு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆள் மாற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை. கோயில் வாசலில் இறக்கிய பிறகும், மற்றவர்கள் விலகிப்போன பிறகும், தண்டைத் தோளோடு அணைத்தபடி நின்றார்.

'ஒரு துளி நோவும் இல்லாமல் சுமந்தார்' என்று எழுதி அவருக்கே வாசித்துக் காட்டியாயிற்று. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நோகேல்லை எண்டு ஆரடா சொன்னது? சந்தியிலை நீ முழங்காலை மடிச்சு நடந்தனி. உன்ரை பங்குப் பாரமும் எனக்குத்தான். முதுகிலை கண் இல்லை, தம்பி, தோளிலை இருக்கு."

தோளைத் தடவிக்கொண்டார்.

"வாற வருசமும் எனக்குப் பின்னாலையே நில்."